ஆக்சலாட்டலுக்கு எந்த இரை, எவ்வளவு, எப்போது

ஆக்சலாட்டல் என்பது ஆயுசு முழுக்கத் தண்ணீரிலேயே வாழும், வால் உள்ள ஒரு நீர்நில வாழ்வி; சாலமாண்டர் வகை. அதன் வாய்க்குள் விரல் நுனி பட்டால் உப்புத்தாளைத் தொட்டதுபோல லேசாகச் சொரசொரக்கும். அதன் பற்கள் அவ்வளவுதான். வழுக்கும் இரையை நழுவாமல் பிடித்துக்கொள்ளும்; கடிக்கவோ மெல்லவோ உதவாது. பக்கத்தில் ஏதாவது அசைந்தால் வாயைச் சட்டென்று அகலத் திறக்கும், தண்ணீரோடு இரையும் உள்ளே இழுபடும், அப்படியே முழுசாக விழுங்கிவிடும். அந்த இரை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் கிடக்கும் குளிர்ந்த உடம்புக்குள் மெதுவாகத்தான் செரிக்கும். ஆகவே இரை தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: வாய்க்குள் அடங்குமா, உடம்பு மென்மையா, எங்கிருந்து வந்தது. புரதக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

அளவைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரையின் தடிமன், ஆக்சலாட்டலின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. நீளத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். தன் உடம்பில் பாதி நீளமுள்ள புழுவைக்கூட நூடுல்ஸ் உறிஞ்சுவதுபோல இரண்டு மூன்று இழுப்பில் உள்ளே தள்ளிவிடும்.

மண்புழு இருந்தால் போதும்

வளர்ந்த ஆக்சலாட்டலை மண்புழுவை மட்டுமே கொடுத்து அதன் ஆயுசு முழுக்க, அதாவது 10 முதல் 15 வருடம், நன்றாக வளர்க்கலாம். உலர் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் புரதம், கொழுப்பு குறைவு, ஓடும் இல்லை, முள்ளும் இல்லை. மெக்சிக்கோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்களில், அதன் சொந்த இடத்திலும், புழு, பூச்சிகளின் இளம்புழு, சிறு இறால் வகைகள் என்று சேற்றோடு கிடப்பதைத்தான் தின்கிறது. தினமும் ஒரே சாப்பாடா என்று பாவப்பட வேண்டாம். வகைவகையாகப் போட்டுப் பார்க்கும் ஆசை நமக்குத்தான்.

எந்த மண்புழு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் 'நைட்கிராலர்' என்று சொல்லும். அது லும்ப்ரிகஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற குளிர்நாட்டுப் புழு. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்கள் தூண்டில் கடையில் டப்பாவாக வாங்கலாம். வட அமெரிக்கக் கடைகளுக்குப் போகும் புழுவில் பெரும்பகுதி ஒன்டாரியோ மாகாண வயல்களில் இரவில் பொறுக்கியெடுப்பதுதான். தமிழ்நாட்டில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே மண்புழு உரம் தயாரிக்கும் இடங்களில் பெரும்பாலும் மூன்று வகை இருக்கும். ஒரே தொட்டியில் கலந்தும் கிடக்கும். கையில் எடுத்துப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

தடியாக, நீளமாக, முதுகில் ஊதா மினுமினுப்போடு இருப்பது ஆப்பிரிக்க மண்புழு என்கிற யூட்ரிலஸ் யூஜினியே. நமக்கு வேண்டியது இதுதான். சதை அதிகம், பெரும்பாலான ஆக்சலாட்டல்கள் முகம் சுளிக்காமல் விழுங்கும். செந்நிற உடம்பில் வெளிர்மஞ்சள் வளையம் வளையமாக இருப்பது ஐசீனியா ஃபெடிடா. விரலால் அழுத்தினால் மஞ்சள் நீர் கசியும், நெடி அடிக்கும். தன்னைத் தின்ன வருபவரை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அது. ஆக்சலாட்டல் வாயில் போட்ட மறுநொடியே துப்பிவிட்டுத் தலையை உதறினால் கொடுத்தது அநேகமாக இந்தப் புழுவாக இருக்கும். மூன்றாவது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ்: மெலிந்தது, வெளிச்சத்தில் நீலம் அடிக்கும், தொட்டவுடன் துள்ளும். 8 முதல் 12 சென்டிமீட்டர் குட்டிகளுக்கு அளவான புழு.

ஐசீனியா மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, புழுவை டீ வடிகட்டியில் போட்டு 10 முதல் 15 விநாடி முக்கி எடுத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். கசப்பு நீர் பெரும்பாலும் போய்விடும். அசைவும் போய்விடும் என்பதால் இடுக்கியால் நீங்கள்தான் ஆட்டிக் காட்ட வேண்டும். அப்படியும் துப்பினால் விட்டுவிடுங்கள்.

வாங்கும் இடத்தில் கூச்சப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள். தொட்டிக்கும் அதைச் சுற்றிய இடத்துக்கும் பூச்சிமருந்து, எறும்புப் பொடி ஏதாவது போட்டார்களா? சாணம் கொடுத்த மாட்டுக்குச் சமீபத்தில் குடற்புழு மருந்து போட்டார்களா? ஐவர்மெக்டின் போன்ற மருந்து சாணத்திலும் வெளியேறும். தோட்டத்தில் தோண்டியெடுக்கும் புழு, மருந்தே அடிக்காத சொந்தத் தோட்டம் என்றால் மட்டும் சரி. சாலையோரம், சாக்கடையோரம், பூங்கா வேண்டாம். தூண்டிலுக்கென்று சாயம் ஏற்றிய புழுவும் வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த புழுவை அன்றைக்கே போடாதீர்கள். அதன் குடல் முழுக்கச் சாணமும் மண்ணும்தான். உப்பு நீங்க இரண்டு மூன்று முறை அலசிய தென்னை நார்க்கழிவை, கையால் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் ஈரத்தில், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி ஒன்று இரண்டு நாள் விடுங்கள். குடல் காலியாகும், தொட்டித் தண்ணீரும் கலங்காது. நெடுநாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அதே டப்பாவில் காய்கறித் தோல் போடலாம்; எலுமிச்சை, வெங்காயம், உப்பு பட்ட மிச்சம் கூடாது. முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்சியில் மாவாக அரைத்து வாரம் ஒரு சிட்டிகை தூவினால் புழு வழியாக ஆக்சலாட்டலுக்குச் சுண்ணாம்புச்சத்து சேரும்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நைட்கிராலரை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வதைப் படித்துவிட்டு ஆப்பிரிக்க மண்புழுவையும் உள்ளே வைத்தால் மொத்தமும் செத்துப்போகும். அது வெப்பநாட்டுப் புழு. நிழலில், 25 முதல் 30 டிகிரியில் சமையலறை மூலையே அதற்குச் சொர்க்கம். டப்பாவிலேயே செத்துக் கிடந்த புழுவை எக்காரணம் கொண்டும் தொட்டியில் போடாதீர்கள். மண்புழு அழுகும் வேகம் பயங்கரமானது. டப்பாவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தால் அந்தத் தொகுதியையே கொட்டிவிடுவது நல்லது.

ஊட்டும் விதம்

மாலையில், விளக்கை மங்கவைத்த பிறகு ஊட்டுங்கள். ஆக்சலாட்டலுக்கு இமை கிடையாது. வெளிச்சம் கூசும்போது ஒதுங்கிக் கிடக்குமே தவிர இரை தேடி வராது.

புழுவைக் குளோரின் நீக்கிய தண்ணீரில் அலசுங்கள். குட்டிக்கு என்றால் ஒரு தட்டில் வைத்துச் சிறு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். 5 முதல் 8 சென்டிமீட்டர் குட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் துண்டு, 10 முதல் 15 சென்டிமீட்டர் வளர்ந்ததற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டு. வெட்டிய துண்டுகள் சில நிமிடம் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்புதான் குட்டியை இழுக்கும். துண்டை மறுபடி ஒருமுறை அலசினால் வெட்டுவாயில் வரும் சளியும் மண்ணும் போகும்.

நுனி மழுங்கிய நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியோ மூங்கில் இடுக்கியோ நல்லது. கூர்மையான எஃகு இடுக்கி வேண்டாம். பாய்ந்து கவ்வும்போது அண்ணத்தில் குத்திவிடும். புழுவின் ஒரு முனையைப் பிடித்து மூக்குக்கு முன்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, தரைக்குச் சற்று மேலே மெதுவாக ஆட்டுங்கள். பார்வை மந்தமான பிராணி இது. வாசனையையும், தண்ணீரின் அதிர்வை உணரும் தோல் புள்ளிகளையும் நம்பித்தான் வேட்டையாடுகிறது. நேராக முகத்தில் இடித்தால் பயந்து பின்வாங்கும். கவ்வியதும் இடுக்கியை விட்டுவிடுங்கள். இழுத்து விளையாடக் கூடாது. பாதிப் புழு வாய்க்கு வெளியே நெளிந்துகொண்டிருப்பதும், அதைத் துப்பி மறுபடி கவ்வுவதும் சாதாரணம். மூன்று முறைக்கு மேல் துப்பினால் புழு தடியாக இருக்கிறது, இல்லை கசக்கிறது என்று அர்த்தம்.

20 முதல் 30 நிமிடம் கழித்து மிச்சம் கிடந்தால் பெரிய பிப்பெட்டாலோ குழாயாலோ உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்கக் கிடந்த ஒரு புழுத்துண்டு போதும், சின்னத் தொட்டியில் அம்மோனியா ஏறிவிட.

எவ்வளவு என்பதைத் தலையும் வயிறும் சொல்லும். மேலிருந்து பார்க்கும்போது வயிற்றின் அகலம் தலையின் அகலத்துக்குச் சமமாக இருந்தால் சரி. வயிறு தலையைத் தாண்டிப் பிதுங்கினால் இடைவெளியைக் கூட்டுங்கள். உள்வாங்கினால் அளவைக் கூட்டுங்கள். பெண்ணுக்கு முட்டை இருக்கும்போதும் வயிறு உப்பும், அதைக் கொழுப்பென்று நினைத்துப் பட்டினி போடாதீர்கள். தொடக்கத்துக்கு ஒரு கணக்கு: 15 சென்டிமீட்டர் வரை தினமும் ஒருமுறை, அதற்கு மேல் ஒருநாள் விட்டு ஒருநாள், 20 சென்டிமீட்டர் தாண்டி வளர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒரு தடித்த ஆப்பிரிக்க மண்புழு அல்லது இரண்டு மூன்று நடுத்தரப் புழு. ஊருக்குப் போகும்போது நான்கைந்து நாள் பட்டினி கிடந்தாலும் வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. பாசத்தில் நான்கு நாள் தீனியை ஒரே வேளையில் கொட்டிவிடுவார்கள்.

பெல்லட்

புழுவைக் கையால் தொட முடியாதவர்களுக்கு, பெல்லட் என்று கடையில் விற்கும் குருணைத் தீனி நல்ல மாற்று. கேவலமான இரை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கூடத்து ஆக்சலாட்டல்கள் சால்மன் மீனுக்கான மென்மையான பெல்லட்டில்தான் வளர்க்கப்பட்டு வந்திருக்கின்றன. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். முதலில் மீன்மாவோ இறால்மாவோ இருக்க வேண்டும், கோதுமையும் சோயாவும் அல்ல. புரதம் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஊனுண்ணி மீனுக்கான மூழ்கும் பெல்லட் சரி. தங்கமீன் தீனியும் ஆமைக் குச்சியும் சரிப்படாது. ஆமைக் குச்சி மிதக்கும், மாவுச்சத்தும் அதிகம்.

வாங்கியதும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நான்கு பெல்லட் போட்டுப் பாருங்கள். சில விநாடியில் மூழ்க வேண்டும். பத்து நிமிடத்தில் விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் தண்ணீர் பாலாகக் கலங்கக் கூடாது. கல்லாகவே இருந்தாலோ இரண்டு மடங்கு ஊதினாலோ வேண்டாம். 5 மில்லிமீட்டர் பெல்லட் என்றால் வளர்ந்த ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 6 முதல் 10 வரை. அசையாத பொருளை முதலில் கண்டுகொள்ளாது. மண்புழுவை வெட்டிய தட்டில் புரட்டியெடுத்து இடுக்கியால் ஆட்டிக் காட்டினால் ஓரிரு வாரத்தில் பழகிவிடும்.

இரத்தப்புழுவும் மற்றவையும்

இரத்தப்புழு என்பது ஒரு சிறு பூச்சியின் சிவந்த இளம்புழு. உறைந்த இரத்தப்புழுக் கட்டி எல்லா வளர்ப்பு மீன் கடையிலும் கிடைக்கும். சென்னை கொளத்தூர் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம். 5 முதல் 12 சென்டிமீட்டர் குட்டிகளுக்கு அருமையான இரை. வளர்ந்ததற்கு இது பஜ்ஜி மாதிரி. ஆசைக்கு வாரம் ஒருமுறை. கட்டியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் வயிறு நிறைந்தாலும் உடம்பு தேறாது. ஒரு கிண்ணத்தில் கரையவிட்டு, டீ வடிகட்டியில் ஊற்றி அந்தச் சிவப்பு நீரைக் கொட்டிவிட்டுப் புழுவை மட்டும் போடுங்கள். சிவப்பு நீர் ஆக்சலாட்டலுக்குப் போகாது, தண்ணீரைத்தான் கெடுக்கும். சிலருக்கு இரத்தப்புழு தொட்டால் தோல் அரிக்கும், கண் வீங்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய செம்புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. எத்தனை முறை அலசினாலும் கிருமி வரலாம். வேண்டாம். காயவைத்த டியூபிஃபெக்ஸ் கட்டி தண்ணீரில் மிதக்கும், அதுவும் வேண்டாம். கொசுப்புழு சத்தானதுதான். ஆனால் தெருவில் தேங்கிய நீரில் உள்ளாட்சி ஊழியர்கள் டெமிஃபாஸ் என்ற கொசுப்புழுக் கொல்லியை ஊற்றியிருக்கலாம். வீட்டிலேயே வளர்த்தால் தப்பிய புழு ஏடிஸ் கொசுவாகித் தெருவுக்கே டெங்கு கொடுக்கும். பச்சை இறால் எப்போதாவது கொடுக்கலாம்: ஓடு, தலை, முதுகு நரம்பு எல்லாம் நீக்கி, உப்போ மசாலாவோ படாமல், கண்ணிடைவெளி அளவுக்கு நறுக்கி. பாக்கெட்டில் உறைந்து வருவதில் உப்போ பாஸ்பேட்டோ சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மீல்வார்ம், சூப்பர்வார்ம் என்ற வண்டுப் புழுக்கள், வெட்டுக்கிளி இவற்றின் தோல் கைட்டின் என்ற கெட்டியான பொருளால் ஆனது. குளிர்ந்த வயிற்றில் செரிக்காமல் அடைக்கும். மாட்டு இதயம், ஈரல், கோழி இவற்றின் கொழுப்பும் அப்படித்தான். பழைய ஆய்வகங்களில் மாட்டு இறைச்சி கொடுத்தார்கள் என்பது உண்மை. இப்போது அதைவிட நல்ல இரை கைவசம் இருக்கிறது.

மீன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021இல் ஆக்சலாட்டல் வந்தது. அதில் வாளி நிறைய வெப்பமண்டல மீனைக் காட்டினால் அது பின்னாலேயே வரும். அதைப் பார்த்துவிட்டுத் தொட்டியில் நான்கு கப்பி மீனை விடச் சொல்லாத பிள்ளை குறைவு. நிஜத்தில் கடைத் தீனிமீன் ஒட்டுண்ணியைக் கொண்டுவரும். தங்கமீனில் உள்ள தயாமினேஸ் நொதி வைட்டமின் பி1ஐ அழிக்கும். ராத்திரியில் மீனே ஆக்சலாட்டலின் சிறகு போன்ற செவுளைப் புழுவென்று நினைத்துக் கொறிக்கும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்து நோயில்லை என்று பார்த்த கப்பி மட்டும். நத்தை வேண்டாம், ஓட்டோடு விழுங்கும்.

இரையே இல்லாத ஒன்றும் இந்தப் பட்டியலில் சேரும்: கூழாங்கல். வாயை அகலத் திறந்து உறிஞ்சும்போது பக்கத்தில் கிடக்கும் கல்லும் உள்ளே போகும். எவ்வளவு நல்ல புழு கொடுத்தாலும் கல் போட்ட தொட்டியில் அடைப்பு வரத்தான் செய்யும். வெறும் தரை, அல்லது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பொடிமணல்.

குஞ்சுகளுக்கு

பொரித்த முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சள்கருவிலேயே ஓடிவிடும். அதற்குப் பிறகு உயிரோடு அசைவதை மட்டும்தான் தின்னும். பொடியும் பெல்லட்டும் கண்ணுக்கே தெரியாது. இங்கே ஆர்ட்டீமியா தவிர வேறு வழி தேடுவது வீண். தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் சிற்றிறால் வகை அது. முட்டை டப்பாவில் விற்கிறார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் அயோடின் சேர்க்காத கல்லுப்பு 25 கிராம் கரைத்து, அரை டீஸ்பூன் முட்டை போட்டு, தலைகீழாகக் கவிழ்த்து அடி வெட்டிய பாட்டிலில் ஏர் பம்ப் குழாயை அடிவரை விட்டுக் கொதிப்பதுபோலக் குமிழ விடுங்கள். 26 முதல் 28 டிகிரி வேண்டும். நம்மூரில் அறை வெப்பமே போதும். விளக்கு எரியட்டும். 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சாகும். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும், குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் கூடும். அங்கிருந்து மட்டும் உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிய பிறகு போடுங்கள். ஓடும் முட்டையும் கலந்து போனால் குஞ்சின் வயிறு ஊதும்; உப்பு கலந்து போனால் தொட்டி கெடும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது, நேரம் ஆக ஆக ஆர்ட்டீமியா தன் சத்தைத் தானே தின்றுவிடும். காலை, மாலை இரண்டு வேளை. தின்னாமல் மிஞ்சியது நன்னீரில் சில மணி நேரத்தில் சாகும், எடுத்துவிடுங்கள்.

2 சென்டிமீட்டர் தாண்டிக் கால் முளைத்ததும் நறுக்கிய இரத்தப்புழுவைப் பழக்கலாம். இந்தச் சமயத்தில்தான் பக்கத்தில் அசைவது அண்ணன் காலா, இரையா என்று பார்க்காமல் கவ்வும். காலை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அளவு வாரியாகப் பிரித்து வையுங்கள், இரையைக் கூட்டுங்கள். போன கால் திரும்ப முளைக்கும், ஆனால் வளர்ச்சி தாமதப்படும்.

சாப்பிட மறுத்தால்

இரையை மாற்றுவதற்கு முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். தண்ணீர் 22 டிகிரியைத் தாண்டினால் சோர்வு, 24ஐத் தாண்டினால் பெரும்பாலும் சாப்பாடே வேண்டாம் என்றுவிடும். சித்திரை வெயிலில், தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் நின்றுபோன வீட்டில் எந்த உசத்தி இரையும் எடுபடாது. அடுத்து தண்ணீர்ச் சோதனை: அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கி வந்ததென்றால் ஒரு வாரம் ஒன்றும் தின்னாமல் இருப்பது இயல்பு. செவுள் முன்பக்கம் வளைந்திருந்தால் ஃபில்டரின் நீரோட்டம் அதிகமாக இருக்கலாம், குறையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தின்னவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, பின்பாகம் மேலே மிதக்கிறது, ஒரு வாரத்துக்கு மேல் எச்சமும் இல்லை என்றால் அடைப்பு. இரையை உடனே நிறுத்துங்கள். நாட்டு வைத்தியமாக எண்ணெயோ பேதி மருந்தோ வாயில் ஊற்றாதீர்கள். 15, 16 டிகிரி சுத்தமான தண்ணீரில் தனியாக வைத்து, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றி, மீன் மற்றும் நீர்நில வாழ்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். விழுங்கியது கல்லா என்று எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். எச்சம் வந்த பிறகும் இரண்டு நாள் பொறுத்து, முதலில் ஒரு சிறு மண்புழுத் துண்டோடு தொடங்குங்கள்.